தமிழ் ‘எஸ்’

முதன்முதலாக அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றது ஒரு மழைநாள் பிற்பகலில். குடையை மடக்கி உதறிவிட்டு, செருப்பைச் சுவரோரம் கழற்றி வைத்துவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் படியில் நின்றபடியே கேட்டார்: “டீச்சர், ‘டிடின்ட்’டுன்னா என்ன?”

போடியில் என் வீட்டைத் தேடி வருகிறவர்கள் பிள்ளைகளைச் சேர்க்கத்தான் வருவார்கள். பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு வீட்டிலேயே ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாலையானால் கூடம் நிறையப் பிள்ளைகள். பகலில் வீடு காலியாக இருக்கும். பின்சந்து மண்டியில் ஏலக்காய் சலிக்கிற சத்தமும் வாசனையும் மட்டும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, நனைந்த சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டு இப்படி ஒரு கேள்வி கேட்டதும், வழக்கமாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னேன். “டிட் நாட். ரெண்டும் சேர்ந்தா டிடின்ட். நடந்து முடிஞ்ச விஷயத்தை இல்லைன்னு சொல்றதுக்கு.”

“அப்ப ‘இல்ல’ங்கிறதுதான அது?”

“ஆமா.”

“அப்ப நான் சரியாத்தான சொல்லிருக்கேன். எனக்கு எதுக்கு வேல போச்சு?”

அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்து, துண்டு கொடுத்துத் தலையைத் துவட்டச் சொல்லி, காபி போட்டுக் கொடுத்த பிறகுதான் முழுக்கதையும் வந்தது. சொந்த ஊர் சிலமலை. கணவர் அங்கே விவசாயம் பார்க்கிறார். இவர் நர்சுப் படிப்பு படித்துவிட்டு, மலைமேல் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் பல வருடங்களாக வேலை பார்த்துவந்தார். எஸ்டேட்டில் மேனேஜர் முதல் கைக்குழந்தைக்காரி வரை எல்லோரும் அவரைச் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் கடைசிவரை அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்பார். இருவரும் பெயர் சொல்லிக்கொண்டதே இல்லை.

நடந்தது இதுதான். அடிவாரத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பு ஏறி மலைக்குப் போய்க் காய் எடுத்துவிட்டு மாலையில் திரும்புவார்கள். அன்றைக்கு அவர்களை இறக்கிவிட்ட ஏலக்காட்டில் முந்தின நாள் சாயங்காலம்தான் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். மருந்து அடித்த காட்டுக்குள் சில நாள் யாரையும் விடக்கூடாது என்று சிஸ்டர் பல முறை மேனேஜரிடம் சொல்லியிருந்தார். காய் பழுத்துவிடும், ஆள் கிடைக்காது என்று அவரும் அதே பதிலைப் பல முறை சொல்லியிருந்தார். அன்று பகலுக்குள் ஏழெட்டுப் பெண்களுக்கு வாந்தி, கண்ணெரிச்சல். ஒருத்தி செடிக்கடியிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். சிஸ்டர் அவர்களுடைய துணியை மாற்றி, மேல் முழுக்கச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மேனேஜர் ஊரில் இல்லாததால் யாரையும் கேட்காமல் எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி போடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். மயங்கி விழுந்தவள் மட்டும் வெகுநாள் படுக்கையில் கிடந்தாள்.

கம்பெனி விசாரணை வைத்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வடக்கே எங்கேயோ உள்ளவர். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. அவர் வருவதற்குள் எஸ்டேட்டில் ஒரு புதுக்கதை தயாராகியிருந்தது. பெண்களுக்குச் சத்து மாத்திரை கொடுப்பது சிஸ்டருடைய வேலை. அன்று காலை வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டார், அதனால்தான் வாந்தி என்பது அந்தக் கதை. சிஸ்டர் அன்றைக்கு யாருக்கும் மாத்திரையே கொடுக்கவில்லை. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்: “டிடின்ட் யூ கிவ் தெம் டேப்லெட்ஸ் தட் மார்னிங்?”

சிஸ்டர் காதில் விழுந்தது, ‘அன்னைக்குக் காலையில நீ மாத்திரை குடுக்கல, அப்படித்தான?’ என்று. ஆமாம், கொடுக்கவில்லை. ஆகவே அவர் சொன்னார்: “எஸ், சார்.”

“அவரு தலையாட்டிட்டு எழுதிக்கிட்டாரு. நானும் உண்மை வெளங்கிருச்சுன்னு நெனச்சு உள்ளுக்குள்ள சாமியக் கும்பிட்டுக்கிட்டேன்” என்றார் சிஸ்டர். அதிகாரி அடுத்து, டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுத்தாயா என்று ஏதோ கேட்டிருக்கிறார். ஜீப்பில் அனுப்பியதைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து சிஸ்டர், கேட்கவில்லை, நேரமில்லை என்று பொருள்பட இரண்டு வார்த்தை சொல்லியிருக்கிறார். அதையும் அதிகாரி எழுதிக்கொண்டார். தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த மேனேஜர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன நடக்கிறது என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் புரிந்தது. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு வாரத்தில் சிஸ்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மாத்திரை கொடுத்ததை அவரே ஒப்புக்கொண்டார் என்று காரணம்.

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மேனேஜர் மேலே கோபம். அதைவிட என் மேலேயே ஒரு விதமான திகைப்பு. எத்தனையோ வருடங்களாக நான் பிள்ளைகளுக்கு ‘கேள்வி வாக்கியமாக மாற்று, எதிர்மறை வாக்கியமாக மாற்று’ என்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ராமன் மாம்பழம் சாப்பிட்டான். ராமன் மாம்பழம் சாப்பிட்டானா? ராமன் மாம்பழம் சாப்பிடவில்லை. அந்த ராமன் சாப்பிட்டால் என்ன, சாப்பிடாவிட்டால் என்ன, யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. இரண்டு மதிப்பெண், அவ்வளவுதான். அதே கேள்வி ஒரு மேசைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தால் ஒருத்தியின் சோற்றில் கைவைக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

“தமிழ்லதான் விசாரிக்கணும்னு கேட்டிருக்கலாமே சிஸ்டர்? உங்களுக்கு அந்த உரிமை இருக்கே.”

“இப்பக் கேட்டேனே. தேனி வக்கீலு எழுதிக் குடுத்தாரு, மறுவிசாரணைக்கு ஒத்துக்கிட்டாக. தமிழுக்கும் ஒத்துக்கிட்டாக. மொழிபெயர்க்கிறது யாருங்கிறீக? அந்த மேனேஜருதான்.”

யூனியன்காரர் வேறு ஆளை ஏற்பாடு செய்வதாகச் சொன்னாராம். நானே வருகிறேன் என்று நானும் சொல்லிப்பார்த்தேன். சிஸ்டர் காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். “அந்த ‘எஸ்’ஸ நாந்தான் சொன்னேன் டீச்சர். இன்னொரு ஆளு வந்து அது அப்படியில்ல, இப்படின்னு சொன்னா எடுபடாது. என் வாயிலருந்து போனத நாந்தான் திருப்பி எடுக்கணும். நீங்க சொல்லிக் குடுங்க, போதும்.”

மறுநாளிலிருந்து அவர் பகல் பஸ்சில் சிலமலையிலிருந்து வந்து, பிள்ளைகள் வருவதற்குள் கிளம்பிப்போவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. நோய்களின் பெயர், மருந்துகளின் பெயர், உடம்பின் உள்ளே இருக்கிற ஒவ்வொன்றின் பெயரும் தெரியும். பெயர்கள் எல்லாம் தெரியும். கேட்கத்தான் தெரியாது, மறுக்கத்தான் தெரியாது. யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் அப்படித்தான். பதில் சொல்வதற்காக மட்டுமே படித்த மொழி அது. பள்ளிக்கூடத்தில் கேள்விகளெல்லாம் ஏற்கெனவே அச்சடித்து வந்துவிடும். இன்டர்வியூவில் கேட்பவர் எதிரே உட்கார்ந்திருப்பவர். நாம் யாரையும் அந்த மொழியில் ஒரு கேள்வி கேட்டதில்லை.

பாடம் சுலபமாக நடக்கவில்லை. அவர் எதையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறவர் இல்லை. “ஐ டிட் நாட் கிவ்” என்று சொல்லிக்கொடுத்தால் “ஐ டிட் நாட் கேவ்” என்பார். நேற்று நடந்ததற்கு ‘கேவ்’தானே என்று மல்லுக்கு நிற்பார். நேற்று நடந்தது என்பதை ‘டிட்’ சொல்லிவிட்டது, அதனால் ‘கிவ்’ பழையபடி இருக்கும் என்றால், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒருத்தன் தூக்கிட்டான்னா இன்னொருத்தன் கைவீசி நடக்கலாம். லோடு ஏத்துறவுக மாதிரி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அதற்குப் பிறகு அந்தத் தவறு வராது. தமிழில் கேள்வியும் மறுப்பும் வாக்கியத்தின் வாலில் இருக்கின்றன. கொடுத்தீர்களா, கொடுக்கவில்லை. கடைசி எழுத்து வரும்வரை கேட்பவன் முகத்தைப் பார்த்துப் பேச்சைத் திருப்பிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். இது அவருக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் அவரே ஒன்றைக் கண்டுபிடித்துக் கேட்டார். “டீச்சர், ‘குடுத்தேன்’னு சொல்றதுக்கு இந்த டூ, டிட் எதுவும் வேணாங்குது. ‘குடுக்கல’ன்னு சொன்னா வந்து நிக்குது, ‘குடுத்தியா’ன்னு கேட்டாலும் வந்து நிக்குது. அதென்ன அப்படி?”

“அதுக்குப் பேரே துணைவினை சிஸ்டர். கேக்குறதுக்கும் மறுக்குறதுக்கும் துணை வேணும். ஒத்துக்கிறதுக்கு வேண்டாம்.”

“சரியாத்தான் வச்சிருக்கான்” என்றார். சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட எங்களை அதிகம் படுத்தியது அந்த ‘எஸ்’தான். எதிர்மறையாகக் கேட்டால் தமிழில் நாம் கேட்கிறவருடைய பேச்சுக்குப் பதில் சொல்கிறோம். சாப்பிடலையா? ஆமா, சாப்பிடல. நீ சொன்னது சரி என்று அவருக்கு ஒரு தலையாட்டல். ஆங்கிலத்தில் கேள்வியைப் பார்க்கக் கூடாது, நடந்ததைப் பார்க்க வேண்டும். நடந்திருந்தால் எஸ், நடக்கவில்லையென்றால் நோ. கேள்வி எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் பதில் மாறாது. இதை நான் பலவிதமாகச் சொல்லி முடித்ததும் சிஸ்டர் கேட்டார்.

“அப்ப, கேக்குறவன் எப்பிடிக் கேட்டாலும் நடந்ததுதான் பதிலு?”

“ஆமா.”

“நல்லா இருக்கே இது. நாமதான் கேக்குறவுக மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஆமா போட்டுப் பழகிட்டோம்.”

தமிழுக்காக வாதாட வேண்டும் என்று எனக்கு வாய் வரை வந்தது. தலையாட்டுவது மொழியின் பழக்கம் இல்லை, அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களின் பழக்கம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவர் சொன்னதும் அதுதான் என்று பிறகு தோன்றியது.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. வயலில் இருக்கிற கணவரிடம் போய், “டூ யூ வான்ட் வாட்டர்?” என்பாராம். “தண்ணி குடுக்க வந்தியா, பரீட்ச வைக்க வந்தியா? செம்பக் கொண்டா இங்கிட்டு” என்று அவர் சத்தம் போடுவாராம். ஆனாலும் அந்த மனிதர் ஒரு நல்ல காரியம் செய்தார். திடீர் திடீரென்று, சாப்பிடும்போதோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதோ, “டிடின்ட் யூ கிவ் டேப்லெட்ஸ்?” என்று அதட்டலாகக் கேட்பாராம். அவருக்குத் தெரிந்த ஒரே ஆங்கில வாக்கியம் அது. சிஸ்டர் நிமிர்ந்து பார்க்காமல் “நோ, ஐ டிட் நாட்” என்று சொல்லிப் பழகினார்.

மறுவிசாரணை நாளன்று துணைக்கு ஒரு ஆள் வரலாம், பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் உடன் போனேன். ஜீப்பு ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததும் கொஞ்சம் பதறிவிட்டேன். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேலையில், நர்சு உடையில் வந்திருந்தார். “உங்களத்தான் நிறுத்தி வச்சிருக்காங்களே சிஸ்டர், யூனிபாரத்துல வந்தா ஏதாவது சொல்லப்போறாங்க” என்றேன். “நிறுத்துனது வேலைய. நான் படிச்ச படிப்பையா?” என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கின. அவர் மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, வழியெல்லாம் எதையோ சொல்லிக்கொண்டே வந்தார். போடிமெட்டில் பனி இறங்கி ரோடே தெரியவில்லை.

எஸ்டேட் அலுவலகத்தில் நீளமான மேசை. அந்தப் பக்கம் அதிகாரி; பக்கவாட்டில் மேனேஜர். இந்தப் பக்கம் சிஸ்டருக்கு ஒரு மர நாற்காலி. என்னைச் சுவரோரமாக உட்கார வைத்தார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சிஸ்டர், சார் கேக்குறத நான் தமிழ்ல சொல்றேன்” என்று தொடங்கினார். சிஸ்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரியைப் பார்த்து, “சார், ஐ டோன்ட் நீட் ஹிம்” என்றார். எனக்கு இவர் வேண்டாம். அதிகாரி புருவத்தை உயர்த்தினார். பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டே, பழைய தாளைப் புரட்டி, போன தடவை கேட்ட அதே கேள்வியை அதே வேகத்தில் கேட்டார்.

“நோ, சார். ஐ டிட் நாட் கிவ்.”

போன தடவை ‘எஸ்’ என்றாயே என்றார் அவர். சிஸ்டர் கொஞ்சமும் தயங்கவில்லை. “லாஸ்ட் டைம் மை எஸ், தமிழ் எஸ், சார்.”

அதிகாரிக்குப் புரியவில்லை. தமிழ் எஸ் என்றால் என்ன என்று கேட்டார். எனக்கு எழுந்து விளக்க வேண்டும்போல் கால் துடித்தது. சிஸ்டர் தனக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தார். நீங்கள் ‘டிடின்ட்’ என்றீர்கள். ‘நாட்’ என்றீர்கள். நான் ‘எஸ், நாட்’ என்றேன். எஸ், கொடுக்கவில்லை. அதுதான் தமிழ் எஸ். இலக்கணம் அங்கங்கே உடைந்துதான் போயிருந்தது. ஆனால் அர்த்தம் எங்கும் உடையவில்லை. அதிகாரி மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று கேட்டார். மேனேஜர், “ஸம்டைம்ஸ்” என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடுங்கி வைத்ததற்காகவே அன்றைய பயணம் தகும் என்று நான் நினைத்தேன்.

ஆனால் சிஸ்டர் அதோடு நிறுத்துவதாக இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, நாங்கள் பயிற்சி செய்யாத ஒன்றைத் தொடங்கினார். “டிட் யூ கோ டு தி ஃபீல்டு, சார்?” காட்டுக்குப் போய்ப் பார்த்தீர்களா? அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “டிட் யூ ஆஸ்க் தி விமென்?” அந்தப் பெண்களைக் கேட்டீர்களா? “டிட் தே ஸ்ப்ரே?” மருந்து அடித்தார்களா? ஒன்றன்பின் ஒன்றாக, குரலை உயர்த்தாமல், ஊசி போடுகிறவர் நரம்பைத் தேடுகிற மாதிரி நிதானமாகக் கேட்டார். அதிகாரியின் முகம் சிவந்தது. இங்கே கேள்வி கேட்பது நான் என்றார்.

“யூ டிட் நாட் ஆஸ்க், சார். ஸோ ஐ ஆஸ்க்.”

வெளியே ஸ்டோரில் காய் உலர்த்துகிற அடுப்பின் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்போதுதான் மேனேஜர் ஒரு தாளை மேசைமேல் நகர்த்தினார். தமிழில், ரொம்பக் கனிவாகப் பேசினார். “சிஸ்டர், எதுக்கு இதெல்லாம். தெரியாம நடந்து போச்சுன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே டிஸ்பென்சரியத் தொறந்துக்கலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.” அதிகாரியும் முன்னால் சாய்ந்து கேட்டார்: “டோன்ட் யூ வான்ட் யுவர் ஜாப்?”

மறுபடியும் அதே பொறி. சிஸ்டர் கேள்வியைப் பார்க்கவில்லை. “எஸ், சார்” என்றார். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, “ஐ டூ வான்ட் மை ஜாப். ஐ டூ நாட் வான்ட் திஸ் பேப்பர்” என்றார்.

ஒத்துக்கொள்வதற்குத் துணை வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் அங்கேயும் ‘டூ’ வரும் என்பதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அது தேவைப்படும் என்று தோன்றவும் இல்லை. அவர் வாயிலிருந்து அது தானாக வந்தது. வேலை எனக்கு வேண்டும், வேண்டும்தான் என்று அத்தனை பேர் முன்னால் அழுத்திச் சொல்லிவிட்டு, அந்தத் தாளை ஒரு விரலால் மேனேஜர் பக்கம் திருப்பித் தள்ளினார்.

அதிகாரி சற்று நேரம் எழுதினார். மாத்திரை விஷயம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியதாக அவரே படித்துக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவர் தலையை நிமிர்த்தி, கடைசியாக ஒன்று என்றார். மேனேஜரின் அனுமதி இல்லாமல் எஸ்டேட் ஜீப்பை எடுத்து அந்தப் பெண்களை அனுப்பினீர்கள், இல்லையா? அந்தக் கேள்விக்கு வேறு பதில்கள் இருந்தன. நேரமில்லை, மேனேஜர் ஊரில் இல்லை, டிரைவர்தான் எடுத்தான். எதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருக்கலாம். சிஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எஸ், சார். ஐ டிட்.” அதிகாரி எழுதப் போனார். சிஸ்டர் முடிக்கவில்லை. “அண்ட் ஐ வில்.” இனியும் செய்வேன்.

அந்தப் பதிலுக்காகத்தான் அவருக்கு வேலை போனது. திரும்பி வருகிற வழியில் நான்தான் அழுதுகொண்டு வந்தேன். அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் சுற்றி வளைத்திருக்கலாமே என்று கேட்டேவிட்டேன். ஜீப்பு வளைவில் திரும்பியபோது கீழே போடியும் தேவாரமும் அந்தப் பக்கத்து வயல்களும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. சிஸ்டர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “போன தடவ அவுக ‘எஸ்’ஸுக்கு வேல போச்சு. இந்தத் தடவ என் ‘எஸ்’ஸுக்குப் போச்சு. இது எனக்கு வலிக்கல டீச்சர்.” கொஞ்ச தூரம் போனதும், “வலிக்குது. ஆனா வேற மாதிரி வலிக்குது” என்றார்.

வழக்கு இன்னும் தேனியில் நடந்துகொண்டிருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அதே கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில்தான் போகிறார். போடியில் ஜீப்பு ஸ்டாண்டை ஒட்டி ஒரு சின்ன கிளினிக்கில் அவருக்கு வேலை கிடைத்தது. எஸ்டேட்டில் வாங்கியதைவிடக் குறைவுதான். ஆனால் மலைக்குப் போகிற பெண்களை விடியலில் அவரால் தினமும் பார்க்க முடிந்தது. ஜீப்பு நிறைவதற்குள் அவர்களோடு நின்று பேசிக்கொண்டிருப்பார். கண்ணைக் காட்டு, நாக்கை நீட்டு என்பார். அவர்களுக்கு அவர் வேறொன்றையும் சொல்லிக்கொடுத்திருந்தார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

போன சீசனில், பூப்பாறைப் பக்கம் ஒரு பழைய மாணவியின் கல்யாணத்துக்காக நான் காலையில் அந்தப் பெண்களின் ஜீப்பில் போக நேர்ந்தது. முதலில் அவர்களை எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, அப்புறம் என்னைக் கொண்டுபோய் விடுவதாக டிரைவர் சொல்லியிருந்தார். ஜீப்பு காட்டோரம் போய் நின்றது. அதே மேனேஜர் கையில் ஒரு கம்போடு நின்றிருந்தார். “எறங்குங்க எறங்குங்க, வெரசா” என்றார். ஒருத்தியும் இறங்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண், அன்றைக்குச் செடிக்கடியில் மயங்கி விழுந்தவள் என்று பிறகு எனக்குச் சொன்னார்கள், தலையை மட்டும் வெளியே நீட்டி, சத்தமாகக் கேட்டாள்.

“டிட் யூ ஸ்ப்ரே?”

மேனேஜர் காதில் விழாத மாதிரி, “என்ன, தெனமும் இதே சோலியாப் போச்சு. எறங்குங்கத்தா” என்றார். பின்னாலிருந்து இன்னொருத்தி கேட்டாள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து கேட்டார்கள். “டிட் யூ ஸ்ப்ரே?” உச்சரிப்பு ஆளுக்கொரு விதமாக இருந்தது. தமிழில் கேட்டிருந்தால் ஒரு அதட்டலில் அடக்கியிருப்பார். தமிழில் அதட்டிப் பழகியவர் அவர். இந்தக் கேள்விக்கு அவரிடம் அதட்டல் இல்லை. கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, “எஸ். எஸ்டர்டே” என்றார்.

ஒல்லியான பெண் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, காய்க்கூடையை மடியில் வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள். “அப்பன்னா, வீ டோன்ட்.”

டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை. ரிவர்ஸ் கியரில் கைவைத்தபடி காத்திருந்தார். மேனேஜர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கம்பைத் தூக்கி, ஓடைக்கு அந்தப் பக்கம், மருந்து படாத மேல்காட்டைக் காட்டினார்.

அதற்கப்புறம்தான் அவர்கள் இறங்கினார்கள்.